கொழுந்து மாடியில் முயல்கள்

தேயிலை விலை விழுந்தால் மலையில் முதலில் நிற்பது புருவம்தான். அரிசி வாங்குவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள், சாவுக்கும் சீருக்கும் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். புருவம் திருத்திக்கொள்ள மட்டும் வரமாட்டார்கள். குன்னூர் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டை ஒட்டி நான் ஒரு சிறிய அழகு நிலையம் வைத்திருந்தேன். பச்சை இலைக்கு விலை இல்லாமல் போன அந்த வருடங்களில் என் சுழல் நாற்காலியில் பெரும்பாலும் நானேதான் உட்கார்ந்திருந்தேன். கல்யாண சீசனில்கூட, "மாமன் பொண்ணே பண்ணி விட்டுருவாளுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் கணவர் தேயிலை ஏலத் தரகர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அங்கே பாதிப் பேரை நிறுத்திவிட்டு, மிச்சப் பேருக்குச் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"கட்டபெட்டுப் பக்கம் மூடிக் கிடந்த தேயிலை ஃபாக்டரிய ஒரு கம்பெனிக்காரங்க வாடகைக்கு எடுத்திருக்காங்க. தலைக்கு, முகத்துக்குப் போடற சாமானம் பண்றவங்களாம். கை பதமா இருக்கற பொம்பள ஆளு வேணுமாம். நீ போய்ப் பாக்கறயா?"

டப்பாவில் கிரீம் அடைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பஸ் இறங்கி, கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தின் வழியாக நடக்க வேண்டும். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டிருந்தன. இடுப்பளவுக்கு வெட்டிய தேயிலையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறேதோ காடுபோல் இருந்தது. பாதையின் முடிவில் தகரக் கூரை போட்ட நாலு மாடிக் கட்டிடம். ஃபாக்டரி என்றால் தூரத்திலேயே எந்திரச் சத்தம் கேட்கும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே இருந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். என் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "கையக் காட்டுங்க" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகத்துல வேலை செஞ்சு பழக்கமுங்களா?"

"அதுதானுங்க என் தொழிலு. புருவம், கண்ணுக்கு மை, கல்யாணப் பொண்ணு அலங்காரம்."

"கண்ணுக்கிட்டப் போனாக் கை நடுங்காதுங்களே?"

"நடுங்குனா இந்தத் தொழில் பண்ண முடியுமுங்களா?"

"அப்ப மேல வாங்க" என்று மரப்படியில் முன்னால் ஏறினார்.

அது கொழுந்தை வாட்டுகிற மாடி. முன்பு பச்சை இலையைப் பரப்பிக் காற்று விடுவதற்காகக் கம்பி வலை அடித்த நீளமான தொட்டிகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக இருந்தன. அந்தத் தொட்டிகளின் மேல் கூண்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு வெள்ளை முயல். மரத்தில் ஊறிப்போன தேயிலை வாசனையும் முயல் மூத்திர வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அத்தனை உயிர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கத்துகிற பிராணி என்றால் நாம் வந்தது அதற்குத் தெரிந்தது என்று நமக்குப் புரியும். இவை அசையாமல், சிவந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன. எங்களைத்தான் பார்த்தனவா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

வேலை இதுதான். முயலை ஒரு மரப் பெட்டிக்குள் வைத்துத் தலை மட்டும் வெளியே வருமாறு மூடுவார்கள். மை தீட்டும்போது பெண்களுக்கு இழுத்துப் பிடிப்பதுபோல நான் கீழ் இமையை இழுத்துப் பிடிக்க வேண்டும். டாக்டர் கம்பெனியின் புதுச் சரக்கில் ஒரு சொட்டைக் கண்ணில் விடுவார். விட்டதும் இமையைச் சேர்த்து மூடி, கொஞ்ச நேரம் அழுத்தாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும்தான் மருந்து. இன்னொரு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவிடுவார். முயலுக்கு நம்மைப்போலக் கண்ணீர் பொங்கி எதையும் கழுவிவிடாது. அது கண் சிமிட்டுவதும் அபூர்வம். அதனால்தான் முயல் என்றார். அடுத்தடுத்த நாட்களில் சின்ன விளக்கை அடித்துக் கண்ணைப் பார்ப்பார். சில கண்கள் அப்படியே இருக்கும். சிலது சிவந்து வீங்கும். சிலதில் பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். பார்த்து முடித்ததும் அந்த முயல்களைக் கீழே ஓர் அறைக்குக் கொண்டுபோவார். அந்தக் காலத்தில் டீயை ருசி பார்ப்பதற்காக வெள்ளை ஓடு பதித்த நீள மேடை இருந்த அறை அது. கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது கூடை மட்டும் வரும்.

முதல் வாரத்திலேயே அவரிடம் கேட்டேன். "ஏனுங்க டாக்டர், இது பாவமில்லீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "யாராவது ஒருத்தர் கண்ணுல முதல்ல பட்டுத்தானே ஆகோணும்? குழந்தை கண்ணுல படட்டுங்களா, இதுல படட்டுங்களா?"

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் ஞாபகம் வந்தார். ஊர் பேர் இல்லாத ஒரு கம்பெனியின் தலைச்சாயத்தை ஒரு ஏஜென்ட்டிடமிருந்து வாங்கித் தானே பூசிக்கொண்டு, நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் போக, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு என் கடைப் படியேறி வந்தவர். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அந்தக் கண்ணில் அதன் பிறகு ஒரு வெண்படலம் தங்கிவிட்டது. இதை டாக்டரிடம் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கே தெரியுமே. அந்த மருந்தை இப்பிடி ஒரு இடத்துல பாத்திருந்தா அது கடைக்கே வந்திருக்காது" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. வாயடைப்பதற்காகச் சொன்னதாக அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவர் ஒன்று மட்டும் செய்வார். மதியச் சாப்பாட்டை அந்தக் கட்டிடத்துக்குள் சாப்பிட மாட்டார். எவ்வளவு மழை பெய்தாலும் ஜீப்பில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுவார்.

கூண்டு கழுவவும் தீனி வைக்கவும் ஓர் அக்கா இருந்தார். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எஸ்டேட் மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்திருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவார். ஏன் என்று கேட்டதற்கு, "கெட்டுப்போன கண்ணுப் பக்கமா போனா அது திடுக்கிடுது தங்கச்சி. நல்ல கண்ணு பக்கமா போனா சாப்பிடுது" என்றார். வேலையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும், மஞ்சு என்போம். ஜன்னல் சட்டங்களின் இடைவெளி வழியாக அது மாடிக்குள்ளேயே வந்துவிடும். முயல்களும் வெள்ளை, மஞ்சும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் கூண்டுகளில் உடம்பு தெரியாது. சிவப்புக் கண்கள் மட்டும் வரிசையாக நிற்கும். அதிலும் சில இடத்தில் இரண்டு தெரியும், சில இடத்தில் ஒன்றுதான் தெரியும். விளக்குப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நேரத்தில் நான் தனியாக மேலே போவதைத் தவிர்த்தேன்.

தினமும் காலையில் டாக்டர் கோத்தகிரி ரோட்டு முக்கில் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். நாங்கள் போய் இறங்கும்போது மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டு அடங்கும். பலகைத் தரையில் நிறையப் பேர் குதிகாலால் இடிப்பதுபோல, ஒரே தாளத்தில், தொம் தொம் என்று. முயல் ஆபத்து என்று கண்டால் பின்னங்காலால் தரையைத் தட்டுமாம். ஒன்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளுமாம். நாயோ சிறுத்தையோ பக்கத்தில் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். "நாயும் இல்ல, சிறுத்தையும் இல்ல. உங்க ஜீப்பு கீழ் வளைவுல திரும்பும்போதே தட்ட ஆரம்பிச்சுடுது. எனக்கு ஜீப்பு சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே."

டாக்டரைக் கண்டு பயப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். சொட்டு விடுகிறவரும் கீழே கொண்டுபோகிறவரும் அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைத் திறப்பேன். ஒரு தடவை பக்கத்து ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண் முகத்துக்குப் பூச்சுப் போட வந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அப்பிடிப் பாக்காதீங்க. ஒரு மாதிரி இருக்குது."

"எப்பிடிப் பாக்கறேன்?"

"தெரியலீங்க. கண்ணச் சிமிட்டாமப் பாக்கறீங்க."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அதே வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவர் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"கொஞ்சம் கண்ணச் சிமிட்டேன்."

"ஏன்?"

"சிமிட்டு. நானும் கொஞ்ச நாளாப் பாக்கறேன். நீ என்னையும் பாக்கறதில்ல, வேற எதையும் பாக்கறதில்ல. கண்ணு மட்டும் தொறந்தே இருக்குது."

கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். நாமே நம்மைக் கவனித்தால் கண் தானாகச் சிமிட்டிவிடும், அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண் வறண்டு எரிந்தது. அன்றைக்குப் படுத்தபோது இமையை மூடியிருக்கிறேனா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் புது மருந்து வந்தது. ரோஸ் நிறம். மூடியைத் திறந்ததும் அன்னாசிப்பழ வாசம் அடித்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம்.

"ஏனுங்க, இது என் கடையில இருக்கற ஷாம்பு வாசமுங்களே."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"அதைத்தான் ஊரே போட்டுத் தலைக்குக் குளிக்குதே. பின்ன எதுக்குங்க?"

"அது பச்சை, இது ரோஸ். கலர் மாறினாப் புதுச் சரக்கு. பாத்தாச்சுன்னு எழுதித் தரோணும்."

"யாருக்கும் கண்ணு போகாதுன்னு நமக்குத் தெரியுமுங்களே."

"தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியறது போதாதுங்க. பிடிங்க."

பிடித்தேன். பெட்டிக்குள் இருந்த முயல் அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. முயலுக்குக் குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பசிக்கு அழுகிற கைக்குழந்தையின் வீறல், அச்சு அசலாக. கீழே கூண்டு கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடிவந்து, வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் கத்தியது. மற்ற கூண்டுகளில் அசைவே இல்லை. டீச்சருடைய கண்ணை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கும் இந்த ரோஸ் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கோயமுத்தூரில் கொழுந்தனார் மகள் கல்யாணம். லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்த அன்று ஜீப்புக்காக முக்கில் நின்றேன். வரவில்லை. சரி என்று பஸ்ஸைப் பிடித்து இறங்கி நடந்தேன். காலையிலேயே மஞ்சு கட்டியிருந்தது. வளர்ந்த தேயிலை மரங்களின் நடுவே பாதை நாலடிக்கு மேல் தெரியவில்லை. கீழ் வளைவைத் தாண்டும்போது மேலே அந்தச் சத்தம் ஆரம்பித்தது. தொம். தொம். பிறகு எல்லாம் சேர்ந்து. ஜீப் பின்னால் வருகிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஒரு வண்டியும் வரவில்லை. காற்று என் முதுகிலிருந்து கட்டிடத்தின் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. நடந்தேன். நடக்க நடக்கச் சத்தம் கூடியது. அதுவரை அந்தச் சத்தத்தின் வால் நுனியைத்தான் கேட்டிருக்கிறேன். முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் வந்துட்டாருங்களா?"

"இல்லையே. இன்னைக்கு ஊட்டிக்குப் போயிருக்காரு. நாளைக்குத்தான்."

"பின்ன எதுக்குத் தட்டுது?"

அக்கா அடுத்த இலையை எடுத்து ஆய்ந்தார்.

"நான் இல்லாதப்ப டாக்டர் வரலீங்களா?"

"தினமும் வந்தாரு. வந்து பாத்துட்டுப் போவாரு. பிடிக்க ஆள் இல்லாததால சொட்டு விடல."

"அப்பத் தட்டுச்சா?"

"ஒரு நாளும் தட்டல" என்றார். பிறகு தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். "இங்கேயே கொஞ்சம் உக்காரு தங்கச்சி. அதுங்க அடங்கட்டும்."

நான் உட்காரவில்லை. மாடிக்கு ஏறினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் சத்தம் மொத்தமாக நின்றது. எல்லா முயலும் கூண்டின் பின் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பி இடுக்கு வழியாக ரோமம் அந்தப் பக்கம் பிதுங்கியிருந்தது. என் கையில் சந்தன சோப்பு வாசம். எத்தனையோ கல்யாணப் பெண்கள், 'உங்க கை பட்டாத் தூக்கம் வருதுங்கக்கா' என்று சொன்ன கை. அந்த வாசம்தான் கீழ் வளைவிலிருந்தே மாடிவரை போயிருக்கிறது.

மாட்டியிருந்த என் மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் ரோட்டு முக்கில் ஜீப் நின்றதும், ஏறாமல் கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "இனி நான் வரலீங்க டாக்டர்."

"என்னாச்சுங்க?"

"கை நடுங்குதுங்க."

ஜீப் கதவின் மேல் வைத்திருந்த என் கையை அவர் பார்த்தார். அது நடுங்கவில்லை. "சரிங்க" என்று கியரைப் போட்டார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "பாத்துக்கலாம் விடு" என்றார். கடையை மறுபடியும் முழு நாளும் திறந்தேன். கூட்டம் வரவில்லை. ஆனால் கண் எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அக்கா கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"கம்பெனிய மூடிட்டாங்க தங்கச்சி. டாக்டரு வாரதில்ல. தீனி மூட்டையும் வாரதில்ல. சந்தையில கழிச்சுப் போடற கோஸ் இலையப் பொறுக்கி நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். இனி என்னால முடியாது."

"யாருக்காவது சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. தோட்டத்து லயத்து வீடுங்கள்ல ஆளுங்க கறிக்குக் கேட்டாங்க. பசிதானே. ஆனா அதுங்க உடம்புல என்னென்ன போயிருக்குன்னு எனக்குத் தெரியுமே, நான் எப்பிடிக் குடுப்பேன்? தொறந்து தேயிலைக்குள்ள விட்டுரலாம்னு இருக்கேன். நீயும் வா. தனியா முடியல."

"சிறுத்தை இருக்குதுங்க அக்கா. நாய் இருக்குது. ஒரு வாரம் தாங்காது."

"சிறுத்தை பசிக்குத் திங்கும். அது எனக்கு விளங்குது" என்றார்.

கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

நான் வருகிறேன் என்று இந்தத் தடவை அவை தட்டவில்லை. தட்டத் தெம்பு இல்லையோ, கையில் வாசம் இல்லையோ, தெரியாது. கூண்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தோம். ஒன்றுகூட வெளியே வரவில்லை. கதவு என்றால் கை உள்ளே வருகிற வழி என்றுதான் அவற்றுக்குத் தெரியும். தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் அக்கா தன் பழைய கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்தார். அவர் தூக்கி என்னிடம் தருவார், நான் கூடையில் வைப்பேன். ஒவ்வொன்றும் என் கைக்கு வந்ததும் உடம்பைக் கல் மாதிரி இறுக்கிக்கொண்டது. கூடை கூடையாகச் சுமந்து, மரமாகிப் போன தேயிலையின் அடியில் கொண்டுபோய் இறக்கினோம். இறக்கி வைத்த இடத்திலேயே உட்கார்ந்தன. புல்லை முகரவில்லை, ஓடவில்லை. கூண்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்துக்குள்ளேயே இருந்தன. பச்சைக்கு நடுவில் அந்த வெள்ளை எந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

மத்தியானம் மஞ்சு ஏறி மூடும்வரை அங்கேயே நின்றோம். அதற்குப் பிறகு அவை இருக்கின்றனவா போய்விட்டனவா என்று சொல்ல முடியவில்லை. அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "போவோம்" என்றார்.

அக்கா அந்த வருடமே மகனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மலையிலிருந்து அப்போது நிறையப் பேர் அப்படி இறங்கினார்கள். என் கணவரின் அலுவலகமும் மூடியது. அவர் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தார். கடையை நான் விடவில்லை. நாலைந்து வருடத்தில் இலைக்கு ஓரளவு விலை வந்தது, புருவங்களும் திரும்பி வந்தன. புதுச் சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட்டுகள் சிலர் இப்போது டப்பாவைத் திருப்பி, மிருகங்கள் மேல் சோதிக்காதது என்று எழுதியிருப்பதைக் காட்டுகிறார்கள். வாசித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். டீச்சரைப்போல யாராவது வந்து நின்றால் என்ன சொல்வேன் என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்கு வராமல் இருப்பதில்லை. நிறத்தை மாற்றுவதற்காக ஒரு கண் தேவையில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

போன வருடம் ஒரு பெண் நிச்சயதார்த்தத்துக்காக வந்திருந்தாள். கட்டபெட்டுப் பக்கம் வீடு. நூலால் புருவம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வலி தெரியாமல் இருக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஊருக்குக் கீழே ஒரு பழைய ஃபாக்டரியும், வெட்டாமல் விட்ட தேயிலையும் இருக்கிறதாம். மஞ்சு நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லையாம்.

"ஏன்?"

"செடிக்கடியில வெள்ளையாக் கொழந்தைங்க உக்காந்திருக்குமுங்கக்கா. எங்க சித்தி சின்னப் புள்ளையா இருக்கும்போது கண்ணால பாத்திருக்காங்க."

"வந்து என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங்க. சும்மா உக்காந்திருக்கும். கிட்டப் போனாலும் எந்திரிக்காதுங்களாம்."

"யார் பெத்த கொழந்தைங்களாம்?"

"அது யாருக்குங்கக்கா தெரியும்?"

"சரி, தலைய ஆட்டாத" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த புருவத்துக்குப் போனேன்.